பத்துச் சுற்றுக் கழுவல்

2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி புதன்கிழமை காலை, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள சேர்வராயன் மூலக்கூறு மருத்துவ ஆய்வு நிலையத்தில் எடுத்த ஸ்கேன்படி, வசந்தாமணியின் கணையத்தில் இருந்த கட்டியின் அகலம் முப்பத்தொரு மில்லிமீட்டர்.

நாற்பதுக்குள் இருந்தால் ஆய்வில் சேரலாம். பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லி, அங்கே ஏற்றிய மருந்துக்கும் கட்டி அசையாமல் இருந்த பிறகு, மிச்சம் இருந்த இடம் இது ஒன்றுதான். புது மருந்து, வேறு ஊர்களில் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது, இங்கே ஊசி போட்டுப் பார்க்கிறார்கள் என்று அங்கிருந்த டாக்டர்தான் சீட்டு எழுதி அனுப்பினார். வசந்தாமணியின் கணவர் தங்கமுத்து எடப்பாடிக்குப் பக்கத்தில் ஆறு விசைத்தறியும் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடும் வைத்திருப்பவர். முப்பத்தொன்று என்று கேட்டதும் பரீட்சையில் பாஸானவர் மாதிரி மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“சிரிப்பு என்னத்துக்குங்க? கட்டி எனக்குத்தான,” என்றார் வசந்தாமணி. அவருடைய கண்ணின் வெள்ளை மஞ்சளாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. வாய் மட்டும் பழையபடியே இருந்தது.

ஒரு படிவம் பாக்கி. கையெழுத்தை நோயாளி போட வேண்டும், கேள்விகளுக்குத் துணையாள் பதில் எழுதலாம் என்பது விதி. வசந்தாமணி பதினெட்டுப் பக்கத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தங்கமுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையைப் பதிலாக எழுதினார். அவர் செய்த பிழை அதுதான்.

பதினேழாவது கேள்வி: ‘ஆய்வில் சேரும் முடிவை எடுக்குமுன் யாரிடம் ஆலோசனை பெற்றீர்கள்? பெயர், உறவு, முகவரி.’ தங்கமுத்து எழுதினார்: ‘கரியகாளியம்மன். குலதெய்வம். ஊருக்கு மேற்கே, ஏரிக்கரை.’

முந்தைய வெள்ளிக்கிழமை அவர்கள் பூக் கேட்டிருந்தார்கள். பெண் எடுப்பதானாலும் காட்டில் போர்க் கிணறு போடுவதானாலும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பூக் கேட்காமல் காலை எடுத்து வைப்பதில்லை. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். சங்கதியோடு சம்பந்தம் இல்லாத ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அன்றைக்குச் சம்பந்தம் இல்லாதவராகக் கிடைத்தவர் மாதேஷ் என்கிற ராசிபுரத்து லாரி டிரைவர். ஏரியில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்தவரைப் பூசாரி சின்னண்ணன் கைதட்டிக் கூப்பிட்டார். மாதேஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை.

படிவத்தைக் கொடுத்ததும் அவர்களை நிலையத்தின் இயக்குநர் டாக்டர் மதியழகனின் அறைக்கு அழைத்துப் போனார் மைதிலி. மைதிலி ஆய்வின் ஒருங்கிணைப்பாளர். அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் இளம்பெண். இயக்குநர் ஒவ்வொரு நோயாளிக்கும் தானே விளக்கம் சொல்வதைக் கடமையாக வைத்திருந்தார்.

“இந்த மருந்துக்குப் பெயர் ஆப்டமர்,” என்றார். “டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அதே சரக்கில் செய்த ஒரு சின்ன இழை. தன்னைத்தானே மடித்துக்கொண்டு ஓர் உருவம் எடுக்கும். அந்த உருவம் புற்றுச் செல்லின் மேலே இருக்கும் ஒரு புரதத்தில் மட்டும் போய் உட்காரும். நல்ல செல்லை ஒன்றும் செய்யாது. உட்கார்ந்ததும், கூடவே பிணைத்து அனுப்பிய நஞ்சை அந்தச் செல்லுக்குள் இறக்கிவிடும்.”

இழை என்றதும் தறிக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “எத்தனையோ இழையில அந்த ஒண்ண எப்படிங்க கண்டுபுடிக்கறது?”

இயக்குநருக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. “கோடானுகோடி இழைகளைப் புற்றுச் செல்லின் மேல் கொட்டுவோம். ஒட்டாததைக் கழுவிவிடுவோம். ஒட்டியதைப் பெருக்கி மறுபடி கொட்டுவோம், மறுபடி கழுவுவோம். பத்துச் சுற்று. கடைசியில் தகுதியான நான்கைந்து நிற்கும். இந்த நிலையத்தின் தத்துவமே அதுதான். நோயாளிகளையும் நாங்கள் பத்துச் சுற்றுக் கழுவித்தான் எடுக்கிறோம்.”

“கழுவுனதுல எத்தன பேருங்க நின்னுருக்காங்க?”

“தரத்தில் நாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லை,” என்றார் இயக்குநர்.

மைதிலி பூட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஒட்டிய உறைகள். “சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு உறை எடுப்போம் ஐயா. பாதி உறையில் மருந்து, பாதியில் உப்புத்தண்ணீர். எது வருமென்று யாருக்கும் தெரியாது.”

தங்கமுத்துவின் முகம் தெளிந்தது. அதுவரை கேட்டதில் அவருக்கு முழுதாகப் புரிந்தது இதுதான். “அட, எங்க கோயல்லயும் இதேதானுங்களே. ரெண்டு பொட்டலம் போடுவாங்க.”

“அது வேறு,” என்றார் இயக்குநர். “அங்கே போடுவது பூசாரி. இங்கே போடுவது கம்ப்யூட்டர்.”

“செரிங்க. ஆனா செவப்பு வந்தா வேண்டாம்னு எங்க ஆத்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவாங்க. இங்க உப்புத்தண்ணி வந்தா சொல்லுவீங்களாங்க?”

“சொல்ல மாட்டோம். எங்களுக்கே தெரியாது.”

“ஆருக்குத்தானுங்க தெரியும்?”

“ஆய்வு முடிந்ததும் எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதுங்க,” என்றார் வசந்தாமணி.

அதற்குள் இயக்குநர் படிவத்தைப் புரட்டிப் பதினேழாவது கேள்விக்கு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு மணியை அடித்து, கோப்பு நெறிமுறைக் குழுவுக்குப் போகட்டும் என்றார்.

நெறிமுறைக் குழு மாதத்தின் கடைசிப் புதன்கிழமை கூடும். நோயாளியை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது, வற்புறுத்திவிடக் கூடாது என்று காவல் இருப்பது அதன் வேலை. ஏழு பேர். தலைவர் தனசேகர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். வழக்கறிஞர் சண்முகப்பிரியா கேள்வி கேட்பார். மற்ற ஐந்து பேரும் கிழங்கு சிப்ஸ் தட்டு தங்கள் பக்கம் வரும்வரை குறிப்பு எடுப்பார்கள்.

ஜூன் 26ஆம் தேதி தங்கமுத்துவை உள்ளே கூப்பிட்டார்கள்.

“நீங்கள் ஆலோசனை பெற்ற அந்த நபர்...” என்று தொடங்கினார் சண்முகப்பிரியா.

“நபர் இல்லீங்க, சாமிங்க.”

“எங்கள் பதிவேட்டில் நபர் என்றுதான் கட்டம் இருக்கிறது. அவரிடம் ஆய்வைப் பற்றி என்ன சொன்னீர்கள்?”

“இவளுக்கு இந்த ஊசி போடலாமா ஆத்தான்னு கேட்டனுங்க.”

“பக்கவிளைவுகள்?”

“அதச் சொல்லலீங்க.”

“பாதிப் பேருக்கு உப்பு நீர் என்பதை?”

“அது அன்னிக்கு எனக்கே தெரியாதுங்க.”

சண்முகப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். “முழுத் தகவலையும் மறைத்து அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறீர்கள்.”

நாற்பது வருடமாகக் கும்பிடுகிற தெய்வத்தை ஏமாற்றிவிட்டோமோ என்று தங்கமுத்துவுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஓர் உறுப்பினர், சாமியைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாமே என்றார். அந்தக் குழுவில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே நியாயமான வார்த்தை அது. தலைவர் தனசேகர் அதைச் சிரித்துக்கொண்டே மடக்கினார்: “மக்களின் தெய்வத்தை அவமதித்த ஆய்வு என்று நாளைக்கு யாராவது மைக் பிடித்தால் நீங்கள் பதில் சொல்வீர்களா? நாம் யாரையும் விலக்கவில்லை. எல்லாரையும் உள்ளடக்குகிறோம்.” தீர்மானம் நிறைவேறியது. இருபத்திரண்டு பக்கத் தகவல் தாளை ஆலோசகர் முன்னிலையில் முழுமையாக வாசித்து, அதை வீடியோ எடுத்து, அவருடைய கருத்தை மறுபடி பெற்று வர வேண்டும்.

ஜூலை 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மைதிலி கேமராவும் முக்காலியுமாக ஏரிக்கரைக் கோயிலுக்கு வந்தார். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டு, அம்மனின் முகமும் தங்கமுத்துவின் முகமும் ஒரே சட்டத்தில் வருகிறதா என்று பார்த்தார். தங்கமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஆடு வெட்டிப் பொங்கல் வைக்க வந்த இரண்டு பெண்கள் ஏதோ புராணம் என்று நினைத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்தார்கள். ஒற்றை இழை நியூக்ளிக் அமிலத்தின் முப்பரிமாண மடிப்பு என்ற இடத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து போனாள். இன்னொருத்தி தூங்கிவிட்டாள்.

“பக்கம் பதினொண்ணு. பக்கவிளைவுகள். குமட்டல், வாந்தி, காய்ச்சல், அரிதாக மரணம்...”

“ஏனப்பா தங்கமுத்து,” என்று தட்டை இறக்கினார் பூசாரி சின்னண்ணன், “ஆத்தா மூஞ்சிக்கு முன்னால படிக்கற வார்த்தையா அது?”

“படிச்சாத்தான் ஊசி போடுவாங்களாமாண்ணா.”

“ஆத்தாளுக்கா ஊசி?”

தூணில் சாய்ந்திருந்த வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் குமட்டல் வந்து, மஞ்சள் பையை வாயருகே பிடித்துக்கொண்டார். பதினாறாம் பக்கத்தில் ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்’ என்று வந்தது. தங்கமுத்து அந்த இடத்தை அம்மனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே வாசித்தார்.

எல்லாம் முடிந்தபோது வெயில் கருவறை வாசல் வரை வந்துவிட்டது. மைதிலி, “இப்போது பூக் கேட்டுவிடலாமா?” என்றார்.

சின்னண்ணன் தலையை ஆட்டினார். “அது மட்டும் ஆவாதுங்க அம்மிணி. ஒருக்கா வெள்ள குடுத்தாச்சு. குடுத்த வாக்கையே மறுக்கா கேட்டா, உன்னைய நம்பலேன்னு ஆத்தாகிட்டச் சொல்றாப்பல ஆயிப்போகும். அப்பறம் நம்ம ஊருக்கே ஆவாது.”

“அண்ணா, ஒரு தடவைங்க.”

“அட, நீயே படிச்சவனாட்டப் பேசறியே,” என்று சின்னண்ணன் கருவறைக் கதவைச் சாத்தினார்.

ஸ்கேன் பழசாகிவிட்டால் செல்லாது. ஜூலை 29ஆம் தேதி புது ஸ்கேன் எடுத்தார்கள். முப்பத்தைந்து.

இரண்டு நாள் கழித்துக் குழு அந்த வீடியோவை முழுதாக, ஒரு மணி நாற்பது நிமிடமும் பார்த்தது. இரண்டு உறுப்பினர்கள் இடையில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பார்த்து முடித்ததும் தலைவர், “ஆலோசகர் மறுப்புத் தெரிவித்ததாகத் தெரியவில்லை,” என்றார்.

“சம்மதம் தெரிவித்ததாகவும் தெரியவில்லை,” என்றார் சண்முகப்பிரியா. “பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள நெறிமுறையில் இடமில்லை. முதல் தடவை கொடுத்த கருத்தையாவது நிரூபிக்க வேண்டும். பொட்டலம் எடுத்தவர்தான் பாரபட்சமற்ற சாட்சி. அவர் வரட்டும்.”

மாதேஷைக் கண்டுபிடிக்கத் தங்கமுத்துவுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. தறி ஆறும் நின்றது. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உள்ள லாரி ஆபீஸ்களில் ஏறி இறங்கி, ‘ஏரிக்கரையில ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனவரு’ என்று அடையாளம் சொன்னார். லாரி ஆபீஸ்காரர்கள் அப்படி ஊற்றாத டிரைவர் உண்டா என்று கேட்டார்கள். கடைசியில் ஆள் கிடைத்தபோது மாதேஷ் லோடோடு நாக்பூரில் இருந்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி குழு அவரைச் செல்போன் வீடியோவில் விசாரித்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் எடுத்த ஸ்கேனில் கட்டி முப்பத்தெட்டு.

“இரண்டு பொட்டலத்தில் அதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்?”

“அது கைக்குப் பக்கத்துல இருந்துச்சுங்க சார்.”

“யாராவது சாடை காட்டினார்களா?”

“இல்லீங்க. எடப்பான்னாங்க, எடுத்தனுங்க. சார், அங்க வண்டி நிறுத்துனதுக்கு எதாச்சும் கேஸுங்களா?”

“இல்லை. அதற்காக உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா?”

“அண்ணன் டீ வாங்கிக் குடுத்தாருங்க. ஒரு வடையும்.”

சிப்ஸ் தட்டு மேசையின் நடுவில் நின்றது. சண்முகப்பிரியா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “பொட்டலம் எடுப்பதற்கு முன்பா, பின்பா?”

“டீ பின்னாலதானுங்க.”

“வடை?”

மாதேஷ் யோசித்தார். நாக்பூரில் அவருக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. “வடை மொதல்லயே எடுத்துட்டனுங்க. காலையில இருந்து ஒண்ணும் திங்கலீங்க.”

“சாட்சிக்கு முன்கூட்டியே பலன் வழங்கப்பட்டிருக்கிறது,” என்று தலைவர் சொல்லச் சொல்ல ஐந்து பேனாக்கள் எழுதின.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வசந்தாமணி உள்ளே வந்தார். வெளியே பெஞ்சில் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். மூன்று கூட்டம் நடந்தும், அதுவரை அந்தக் குழுவில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை.

“ஏனுங்க சாமி, சீக்கு எனக்கு. கையெழுத்துப் போட்டவ நானு. ஆத்தாளக் கேக்கறீங்க, லாரிக்காரனக் கேக்கறீங்க. என்னையக் கேட்டீங்களாங்க? எனக்கு ஊசி வேணுங்க. உப்புத்தண்ணி வந்தாலும் வந்துட்டுப் போவுதுங்க. போடுங்க. நான் பொழைக்கோணுங்க.”

குழு அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டது. ஓர் உறுப்பினர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். சண்முகப்பிரியா கனிவான குரலில், “அம்மா, இந்த ஊசி இல்லையென்றால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லீங்களே.”

“பாருங்கள்,” என்று அவர் தலைவரிடம் திரும்பினார். “வேறு வழியே இல்லை என்று நினைக்கிற ஒருவரின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எப்படிச் சொல்வது? இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர்தான் வேண்டும் என்று சொல்லத் தகுதியானவர். இது கணவரும் தெய்வமும் லாரி டிரைவரும் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நோயே இவரை வற்புறுத்துகிறது.”

நோய் வற்புறுத்துகிறதா என்பதை ஒரு மனநல நிபுணர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக் கூட்டம் கலைந்தது.

வராந்தாவில் மைதிலி தங்கமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டார். “அந்தப் பதினேழாவது கேள்விக்கு ‘யாரும் இல்லை’ன்னு எழுதியிருந்தீங்கன்னா அன்னைக்கே தாண்டியிருக்கும் ஐயா.”

“பொய் எழுதோணுங்களா அம்மிணி?”

“மத்தவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க.”

“அப்ப அவங்களுக்கெல்லாம் ஊசி போட்டாச்சுங்களா?”

மைதிலி கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். “இல்லீங்கய்யா. அவங்க வேற வேற கேள்வியில நின்னுட்டாங்க.”

செப்டம்பர் 11ஆம் தேதி நிலையத்துக்கு டெல்லியிலிருந்து ஒரு தரச்சான்றுக் குழு வந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, இரண்டாவது வரிசையில் ‘பொதுமக்கள்’ என்று அட்டை ஒட்டிய நாற்காலிகளில் தங்கமுத்துவையும் வசந்தாமணியையும் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு வழவழப்பான கையேடும் கொடுத்தார்கள். இயக்குநர் மதியழகன் பேசினார்.

“இந்த மருந்தை நாட்டில் ஒன்பது மையங்கள் ஆய்வு செய்கின்றன. எட்டு மையங்களில் பக்கவிளைவுகள். வாந்தி, காய்ச்சல், இரண்டு இடங்களில் மரணம் வரை. இங்கே? மூன்று ஆண்டுகளில் ஒரு காய்ச்சல் இல்லை. ஒரு வாந்தி இல்லை. ஒரு மரணம் இல்லை. உடைந்த குப்பி ஒன்றுகூட இல்லை.” கைதட்டல். “இதுவரை நாற்பத்தொரு பேரைப் பரிசீலித்து முடித்திருக்கிறோம். ஒருவருடைய கையெழுத்து ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. ஒருவர் கையெழுத்துப் போடும்போது அழுதார். அழுகிறவரின் சம்மதத்தை எப்படி ஏற்பது? ஒருவர் எங்களை முழுமையாக நம்புவதாகச் சொன்னார். அது கண்மூடித்தனம் என்று விலக்கினோம். அடுத்தவர் நம்பவில்லை என்றார், அவரையும் விலக்கினோம். எங்களுக்கு எல்லாரும் சமம். இந்த மருந்தின் பெருமை என்ன? அது நல்ல செல்லைத் தொடாது. எங்கள் நிலையத்தின் பெருமை அதைவிட ஒரு படி மேல். நாங்கள் யாரையுமே தொட்டதில்லை.”

கைதட்டல் அடங்கியதும் டெல்லி அதிகாரி, பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். தங்கமுத்து எழுந்தார்.

“ஊசி எத்தன பேருக்குங்க போட்டிருக்கீங்க?”

“அருமையான கேள்வி,” என்றார் இயக்குநர். “ஊசி போடுவது மட்டும்தான் மருத்துவம் என்ற எண்ணத்திலிருந்து மக்களை மீட்பதும் எங்கள் பணிதான்.” டெல்லி அதிகாரி தன் தாளில் ‘மக்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு’ என்று எழுதிக்கொண்டார்.

வசந்தாமணி இதையெல்லாம் கேட்கவில்லை. கையேட்டில் ஒரு பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறொரு மாநிலத்து மையத்தில் ஒரு பெண்ணுக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் கட்டி ஐந்து மாதத்தில் பத்தொன்பதாகச் சுருங்கியிருந்தது. படம் போட்டிருந்தார்கள்.

விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்ற இயக்குநரைத் தங்கமுத்து பிடித்துக்கொண்டார். “நாங்க அந்த ஊருக்கே போயிக்கறோமுங்க.”

“ஒரு மையத்தில் பரிசீலனையில் இருப்பவரை இன்னொரு மையம் எடுக்காது. நாங்கள் விலக்கினால்தான் போகலாம்.”

“அப்ப விலக்கிப்போடுங்க.”

“விலக்குவதற்கு எங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னும் எந்தக் காரணமும் உறுதியாகவில்லை.”

“நாங்களா விலகிக்கறோமுங்க. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு பதினாறாம் பக்கத்துல போட்டிருக்குதுங்களே. ஆத்தா முன்னாலயே படிச்சனுங்க.”

“அது ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு,” என்று இயக்குநர் பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். “நீங்கள்தான் இன்னும் சேரவே இல்லையே.”

செப்டம்பர் 25ஆம் தேதி குழு கூடியது. மனநல நிபுணரின் அறிக்கை வந்திருந்தது: நோயாளிக்குச் சாவைப் பற்றிய பயம் இருக்கிறது, அது இயல்பான அளவில் இருக்கிறது. வடை, சாட்சியின் பசியைக் கருதி மன்னிக்கப்பட்டது. கரியகாளியம்மனை ஆலோசகராக ஏற்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஏழு பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். தலைவர் தனசேகர் எழுந்து வந்து தங்கமுத்துவின் கையைக் குலுக்கினார். தங்கமுத்து அவர் காலில் விழப் போனார்.

பிறகு கோப்பில் இருந்த புது ஸ்கேனைப் பிரித்தார்கள். நாற்பத்து மூன்று.

“அடடா,” என்றார் தலைவர். கூட்டக் குறிப்பில் அதுவும் ஏறியது.

மற்ற எட்டு மையங்களிலும் வரம்பு நாற்பதுதான் என்று மைதிலி வராந்தாவில் சொன்னார். சொல்லும்போது அவர் தங்கமுத்துவைப் பார்க்கவில்லை. விலக்குப் படிவத்தை நிரப்ப ஒரு சோதனை பாக்கி இருந்தது. வசந்தாமணி யார் கையையும் பிடிக்காமல் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துகாட்ட வேண்டும். தங்கமுத்து வேண்டாம் என்றார். “இருங்க, நடந்தர்றேன்,” என்று வசந்தாமணி எழுந்தார். சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, நடந்து முடித்தார். மைதிலி எழுதிக்கொண்டார்.

அந்த முனையில் இயக்குநர் காத்திருந்தார். கையில் பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று வைத்திருந்தார்.

“நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கக் கூடாது, அம்மா. எட்டாவது சுற்றுவரை நின்றிருக்கிறீர்கள். இங்கே இதுவரை யாரும் ஆறைத் தாண்டியதில்லை.”

“கட்டி பத்துச் சுத்துலயும் நின்னுருச்சுங்க சாமி,” என்றார் வசந்தாமணி. “அதைய வேணும்னாச் சேத்திக்கங்க.”

இயக்குநர் புன்னகைத்துச் சான்றிதழைத் தங்கமுத்துவிடம் கொடுத்தார். அவர்கள் அஸ்தம்பட்டி வரை ஆட்டோவிலும், அங்கிருந்து எடப்பாடிக்கு இரண்டு பஸ் மாறியும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

வசந்தாமணி நவம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இறந்தார். ஆய்வில் சேராதவர்களைத் தொடர்ந்து கவனிக்க விதியில் இடமில்லை என்பதால் நிலையம் அதை விசாரிக்கவில்லை. மருந்துக் குப்பிகள் டிசம்பர் கடைசியில் காலாவதியாகி எரிக்கப்பட்டன. ஜனவரியில் புதிய குப்பிகள் வந்தன. பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு எதிரே, நோயாளியின் கடைசி நிலை என்ற கட்டத்தில், ‘துணையின்றி நடந்தார்’ என்று எழுதியிருக்கிறது.